இரண்டு கைகள் போதும்: சி.பி.ஆர். பிறந்த கதை

பேருந்து நிலையத்தில் சரிந்து விழுந்தவரின் நெஞ்சை ஒரு காவலர் விடாமல் அழுத்துகிறார். சிறிது நேரத்தில் விழுந்தவரின் கை அசைகிறது. இப்படிப்பட்ட காணொளிகள் இப்போது அடிக்கடி நம் கைபேசிக்கு வருகின்றன. 'சி.பி.ஆர். கொடுத்து உயிரைக் காப்பாற்றினார்' என்று கீழே எழுதியிருப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது அது. செய்முறையைப் பார்த்தால் ஆதிகாலம் தொட்டே மனிதர்கள் செய்துவந்த ஒன்று போலத் தோன்றும். கருவி கிடையாது, மருந்து கிடையாது. நெஞ்சை அழுத்த வேண்டும், வாயில் ஊத வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இந்த முறை முழு உருவம் பெற்ற ஆண்டு 1960. ஸ்புட்னிக் செயற்கைக்கோள் வானத்துக்குப் போய் மூன்று ஆண்டுகள் ஆன பிறகுதான், நின்றுபோன இதயத்துக்கு வெறும் கைகளால் என்ன செய்யலாம் என்பது மருத்துவ உலகத்துக்கு ஒழுங்காகத் தெரியவந்தது. அதன் பாகங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தன. ஒன்று ஸ்காட்லாந்தில் ஒரு சுரங்க வாசலில் கிடைத்தது, இன்னொன்று ஜெர்மனியில் ஓர் அறுவை அரங்கில் கிடைத்தது. கிடைத்ததெல்லாம் மறுபடி தொலைந்தும் போனது. ஏன் தொலைந்தது, யார் தேடி எடுத்துச் சேர்த்தார்கள் என்பது நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

1732 டிசம்பர் 3. ஸ்காட்லாந்தில் அலோவா என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்திருந்தது. உள்ளே புகையில் சிக்கி விழுந்த ஜேம்ஸ் பிளேர் என்ற தொழிலாளியை அரைமணி நேரத்துக்கு மேலான பிறகுதான் மேலே கொண்டுவர முடிந்தது. கண் நிலைகுத்தியிருந்தது, வாய் பிளந்திருந்தது, உடம்பு சில்லிட்டிருந்தது. நாடியும் இல்லை, மூச்சும் இல்லை. அங்கிருந்த வில்லியம் டோசாக் என்ற அறுவை மருத்துவர், பிளேரின் வாயோடு தன் வாயைப் பொருத்தி ஊதினார். ஊதிய காற்று மூக்கு வழியாக வெளியே வந்துவிட்டது. உடனே மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு உயரும்வரை பலமாக ஊதினார். இதயத்தின்மேல் வைத்திருந்த கையில் ஆறேழு துடிப்புகள் வேகமாக உணரப்பட்டன. மேலும் ஊதினார்கள், உடம்பைத் தேய்த்தார்கள். நான்கு மணி நேரத்தில் பிளேர் எழுந்து வீட்டுக்கு நடந்து போனார். நான்கு நாளில் வேலைக்கும் போய்விட்டார். டோசாக் இதைப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1744-இல் எழுதி வெளியிட்டார். வாயோடு வாய் வைத்து ஊதி ஒரு வளர்ந்த மனிதனைப் பிழைக்க வைத்ததற்கு மருத்துவ ஏட்டில் கிடைக்கும் முதல் தெளிவான சாட்சி இது.

அந்தச் சிறு குறிப்பில் இன்றைய பயிற்சியாளர் சொல்லும் இரண்டு விஷயங்கள் அப்படியே இருக்கின்றன: மூக்கைப் பொத்து, நெஞ்சு உயர்கிறதா பார். ஒரே தவறில் ஒரே நிமிடத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடம் அது.

அந்த நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் நீரில் மூழ்கிச் சாவோர் ஏராளம். ஆம்ஸ்டர்டாம் நகரமே கால்வாய்களின் மேல் இருந்தது, நீந்தத் தெரிந்தவர்களோ குறைவு. 1767-இல் அங்கே சில செல்வந்தர்கள் சேர்ந்து, மூழ்கியவர்களை மீட்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். உடம்பைச் சூடுபடுத்து, வாயில் ஊது, தேய்த்துவிடு என்று துண்டறிக்கை போட்டார்கள். காப்பாற்றுகிறவருக்குப் பரிசும் உண்டு. நான்கு ஆண்டுகளில் 150 பேர் பிழைத்ததாகச் சங்கம் கணக்குக் காட்டியது. அந்தச் செய்தி லண்டனுக்கு எட்டியது. வில்லியம் ஹாஸ் என்ற மருத்துவர், தேம்ஸ் நதியிலிருந்து எடுக்கப்படும் உடல்களைத் தாமதிக்காமல் தன்னிடம் கொண்டுவருவோருக்குச் சொந்தப் பையிலிருந்து பணம் கொடுக்க ஆரம்பித்தார். 'பிணத்துக்கு எதற்குப் பணம்' என்ற கேலியைப் பொருட்படுத்தாமல், 1774-இல் தாமஸ் கோகன் என்ற மருத்துவருடன் சேர்ந்து, மூழ்கி இறந்தவர்போல் தோன்றுவோரை மீட்பதற்காக ஒரு சங்கம் தொடங்கினார். இன்று ராயல் ஹியூமேன் சொசைட்டி என்று இயங்குவது அதுதான்.

'இறந்தவர்போல் தோன்றுவோர்' என்ற அந்தச் சொல்லாட்சியை நான் மிகவும் மதிக்கிறேன். மூச்சு நின்றால் உயிர் போயிற்று என்று எல்லோரும் கைவிட்டுவந்த காலத்தில், இல்லை, நடுவில் கொஞ்ச நேரம் இருக்கிறது என்று சொன்னவர்கள் அவர்கள். சி.பி.ஆர். என்பதன் கடைசி எழுத்து ரிசஸிடேஷன் என்ற சொல்லைக் குறிக்கிறது. அது லத்தீனிலிருந்து வந்தது. மீண்டும், கீழிருந்து, கிளப்பு என்ற மூன்று பொருள்கள் சேர்ந்த சொல் அது. தூங்குகிறவரைத் தொட்டு எழுப்புவதற்கும் அதே வேர்தான். நம்மிடம் உயிர் மீட்பது என்றதும் சஞ்சீவி நினைவுக்கு வரும், எங்கோ மலையிலிருந்து மூலிகை வந்தாக வேண்டும். அந்த லத்தீன் சொல்லில் மருந்து எதுவும் இல்லை. பக்கத்தில் ஒருவர் இருந்து எழுப்புகிறார், அவ்வளவுதான். பின்னால் வந்த மருத்துவம் இந்தப் பொருளைத்தான் நிரூபித்தது.

நிரூபிக்க இருநூறு ஆண்டு ஆயிற்று. இடையில் எத்தனையோ தவறான வழிகள். புகையிலைப் புகையைத் துருத்தியால் ஆசனவாய் வழியே செலுத்தினால் உடம்பு விழித்துக்கொள்ளும் என்று ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் உறுதியாக நம்பினார்கள். தேம்ஸ் கரையோரம் அதற்கான கருவிப் பெட்டிகளையே வைத்திருந்தார்கள். 1811-இல் பெஞ்சமின் பிராடி, புகையிலையில் இருக்கும் நஞ்சு இதயத்தையே நிறுத்தக்கூடியது என்று விலங்குகளில் காட்டிய பிறகு அந்தப் பழக்கம் ஒழிந்தது.

வாயால் ஊதும் முறை கைவிடப்பட்டதுதான் பெரிய இழப்பு. அதைக் கொன்றது அறியாமை அல்ல, அறிவியல். 1770-களில் ஆக்சிஜன் கண்டறியப்பட்டது. மூச்சில் நாம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறோம் என்று தெரிந்ததும், வெளிவிடும் காற்று தீர்ந்துபோன காற்று, கெட்ட காற்று, அதை இன்னொருவருக்கு ஊதி என்ன பயன் என்று படித்தவர்கள் முடிவு கட்டினார்கள். யாரும் அளந்து பார்க்கவில்லை. வாய்க்குப் பதில் துருத்தி வந்தது. துருத்தி நுரையீரலைக் கிழித்துவிடலாம் என்று பிரான்சில் காட்டியதும் துருத்தியும் போயிற்று. அதன்பின் நூறு ஆண்டுக்கு, மூழ்கியவரை இப்படியும் அப்படியும் உருட்டுவது, கைகளைத் தலைக்குமேல் தூக்கி இறக்குவது, குப்புறப் படுக்கவைத்து முதுகை அமுக்குவது என்று விதவிதமான முறைகள். 1856-இல் மார்ஷல் ஹால், 1858-இல் சில்வெஸ்டர், 1903-இல் ஷேஃபர், 1932-இல் ஹோல்கர் நீல்சன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். சாரணர் கையேடுகளிலும் தீயணைப்புப் பயிற்சிகளிலும் இவைதான் இடம்பெற்றன. ஊதுவதை விடாமல் வைத்திருந்தவர்கள் மருத்துவச்சிகள். மூச்சுவிடாமல் பிறந்த குழந்தையின் வாயில் அவர்கள் எப்போதும்போல் ஊதிக்கொண்டேயிருந்தார்கள். புத்தகத்தில் அது கிழவிகளின் வழக்கமாக ஒரு மூலையில் கிடந்தது.

அந்த மூலைதான் 1946-இல் ஒரு பிள்ளையைக் காப்பாற்றியது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியிருந்த நேரம். ஜேம்ஸ் ஈலம் என்ற இளம் மருத்துவர் வார்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு தள்ளுவண்டியை ஓட்டமாகத் தள்ளிவந்தார்கள். அதில் ஒரு குழந்தை உடல் நீலம் பாரித்துக் கிடந்தது. ஈலம் வண்டியை நிறுத்தினார், விரிப்பால் சளியைத் துடைத்தார், குழந்தையின் மூக்கைத் தன் வாயால் மூடி ஊதினார். நான்கே ஊதலில் நீலம் போய் உடம்பு சிவந்தது. முந்தைய இரவுதான் அவர் உயிர்மீட்பின் வரலாறு பற்றிய ஓர் அத்தியாயத்தைப் படித்திருந்தார். பிறந்த குழந்தைகளுக்கு வாயால் ஊதும் அந்தப் பழைய வழக்கம் அதில் இருந்தது.

ஈலம் அதோடு விடவில்லை. இருநூறு ஆண்டாக யாரும் அளக்காததை அளந்தார். நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். வெளிவிடும் காற்றில் 16, 17 சதவீதம் மிச்சமிருக்கிறது. இன்னொருவர் உயிர் வாழ அது தாராளம். அறுவை முடிந்து மயக்கத்திலிருந்த நோயாளிகளுக்குத் தன் மூச்சையே ஊதி, அவர்கள் இரத்தத்தில் ஆக்சிஜன் குறையவில்லை என்று 1954-இல் வெளியிட்டார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காதில் போட்டுக்கொண்டவர் பீட்டர் சாஃபர். வியன்னாவில் 1924-இல் பிறந்து அமெரிக்கா வந்த மயக்கவியல் மருத்துவர். 1956 அக்டோபரில் கான்சஸ் சிட்டியில் நடந்த மாநாடு முடிந்து இருவரும் ஒரே காரில் பால்டிமோர் திரும்பினார்கள். நெடும்பயணம் முழுக்க இதே பேச்சு. ஊர் வந்து சேர்ந்ததும் சாஃபர் ஒரு சோதனைக்குத் திட்டமிட்டார். இன்றைக்கு எந்த மருத்துவமனையும் அனுமதிக்காத சோதனை அது.

தன்னுடன் வேலை செய்த மருத்துவர்களையும் மருத்துவ மாணவர்களையும் அழைத்தார். உங்களுக்கு மயக்கமருந்து கொடுத்து, தசைகளை முடக்கும் மருந்தும் போடுவேன், நீங்களாக மூச்சுவிட முடியாது, முன்பின் பழக்கமில்லாத ஒருவர் உங்களுக்கு வாயால் ஊதுவார், சம்மதமா என்று கேட்டார். சம்மதித்தார்கள். ஊத வந்தவர்களில் தீயணைப்பு வீரர்கள் இருந்தார்கள், சாரணச் சிறுவர்களும் இருந்தார்கள். பழைய முதுகமுக்கும் முறையையும் கைதூக்கும் முறையையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டார்கள். பழைய முறைகளில் பெரும்பாலும் காற்றே உள்ளே போகவில்லை. ஊதியபோது போயிற்று. பயிற்சி இல்லாத சாதாரண மனிதர்கள் ஊதியபோதும் போயிற்று.

ஏன் என்பதையும் சாஃபர் கண்டுபிடித்தார். நினைவிழந்து மல்லாந்து கிடப்பவரின் நாக்கு தளர்ந்து பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடுகிறது. முதுகை எத்தனை அமுக்கினாலும் வழியே இல்லாத இடத்தில் காற்று எப்படிப் போகும்? நெற்றியில் ஒரு கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, இன்னொரு கையால் தாடையை உயர்த்தினால் நாக்கு விலகி வழி திறக்கிறது. நூறு ஆண்டுகளாக எண்ணற்றவர்கள் நாக்குக்குப் பின்னால் ஒரு விரற்கடை இடம் அடைபட்டதால் செத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது வயிறு கலங்குகிறது. சாஃபரின் முடிவுகள் 1958-இல் வெளிவந்தன. கைதூக்கும் முறைகளெல்லாம் ஒருசில ஆண்டுகளில் கையேடுகளிலிருந்து மறைந்தன.

மூச்சுக்கு வழி கிடைத்துவிட்டது. இதயம்?

இதயம் நின்றால் அப்போதெல்லாம் ஒரே வழி: விலா எலும்புகளுக்கிடையே கத்தியால் கிழித்து, கையை உள்ளே விட்டு, இதயத்தைப் பிடித்துப் பிசைய வேண்டும். நார்வேயின் டிரோம்சோ நகரில் 1901-இல் கிறிஸ்டியான் இகல்ஸ்ருட் அப்படிச் செய்து ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். அறுவை அரங்குக்கு வெளியே நின்ற இதயத்துக்கு அது உதவாது. வெளியிலிருந்து அழுத்தினாலே போதும் என்பது அதற்குப் பத்தாண்டு முன்பே ஜெர்மனியின் கொட்டிங்கன் நகரில் தெரிந்திருந்தது என்பதுதான் வேதனை. அங்கே ஃபிரீட்ரிக் மாஸ் என்ற மருத்துவர், குளோரோஃபார்ம் மயக்கத்தில் இதயம் நின்ற ஒரு சிறுவனின் நெஞ்சை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருந்தார். மெதுவாக அழுத்தியபோது பலனில்லை. பதற்றத்தில் வேகத்தைக் கூட்டினார், நிமிடத்துக்கு 120 தடவை போல. விரிந்திருந்த கண்மணி சுருங்கியது, பையன் பிழைத்தான். மாஸ் இதை எழுதியும் வைத்தார். இன்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. அவர் எழுதியது அப்படியே புழுதி படிந்து கிடந்தது.

மறுபடி அதைக் கண்டெடுத்தவர்களில் மூத்தவர் ஒரு மின்பொறியாளர். 1886-இல் பிறந்த வில்லியம் கோவன்ஹோவன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர். மின்கம்பங்களில் வேலை செய்யும் லைன்மேன்கள் மின்சாரம் தாக்கி அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்ததால், மின்நிறுவனங்கள் பணம் கொடுத்து இதை ஆராயச் சொன்னதுதான் அவர் இதயத்தின் பக்கம் வந்த கதை. மின்சாரம் பாய்ந்தால் இதயத் தசைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் நடுங்கத் தொடங்குகின்றன. இரத்தம் வெளியேறாது. இன்னொரு மின்னதிர்ச்சி கொடுத்தால் அந்த நடுக்கம் நிற்கும். அதற்கான இயந்திரத்தை, நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்தே அதிர்ச்சி கொடுக்கும்படி செய்வதில் அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அறுவைத் துறையில் ஓர் ஆய்வகத்தில் உட்கார்ந்து அதையே தொடர்ந்தார்.

1958-இல் அங்கே கை நிக்கர்பாக்கர் என்ற ஆய்வு மாணவர், நாய்களில் சோதனை செய்துகொண்டிருந்தார். இதயம் நடுங்கும் நாயின் நெஞ்சில் கனமான மின்தகடுகளை வைத்து அழுத்தினார். இரத்த அழுத்தத்தை வரையும் கோடு ஒரு துள்ளு துள்ளியது. இன்னும் மின்சாரமே கொடுக்கவில்லை! தகட்டின் கனமும் கையின் அழுத்தமும் மட்டும்தான். இன்னொருவராக இருந்தால் கருவியின் கோளாறு என்று விட்டிருப்பார். நிக்கர்பாக்கர் மறுபடி அழுத்திப் பார்த்தார். மறுபடியும் கோடு துள்ளியது. அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் வந்து பார்த்தார். அதன் பொருள் அவருக்கு உடனே புரிந்தது. வெளியிலிருந்து அழுத்தினால் உள்ளே இரத்தம் ஓடுகிறது, கத்தி தேவையில்லை.

எங்கே அழுத்துவது, எவ்வளவு ஆழம், எத்தனை தடவை என்று ஓராண்டு சோதித்தார்கள். 1959-இல் ஒரு பெண்ணுக்கு அறுவைக்கு முன் கொடுத்த மயக்கமருந்தால் இதயம் நின்றது. வழக்கப்படி நெஞ்சைக் கிழித்திருக்க வேண்டும். ஜூட் கைகளை வைத்து அழுத்தினார். நாடி திரும்பியது. திட்டமிட்ட அறுவையையும் செய்து முடித்து, அவரை நலமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். 1960 ஜூலை 9 அன்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. 20 நோயாளிகள், 14 பேர் பிழைத்தார்கள். இனி யாரும் எங்கும் இதைத் தொடங்கலாம், தேவை இரண்டு கைகள்தான் என்ற பொருளில் அதில் ஒரு வரி வரும். என்னைக் கேட்டால், இருபதாம் நூற்றாண்டின் மருத்துவக் கட்டுரைகளில் இவ்வளவு பெரிய வாக்குறுதியை இவ்வளவு எளிமையாகச் சொன்ன வரி வேறில்லை.

அழுத்தினாலே காற்றும் உள்ளே போய்விடும் என்று ஹாப்கின்ஸ் குழு முதலில் நினைத்தது. ஹாப்கின்ஸ் இருக்கும் அதே பால்டிமோரில் இருந்த சாஃபர், அது போதாது, ஊதவும் வேண்டும் என்று காட்டினார். 1960 செப்டம்பர் 16 அன்று மேரிலாந்தின் ஓஷன் சிட்டி என்ற கடற்கரை ஊரில் மருத்துவச் சங்கக் கூட்டம். சாஃபர், ஜூட், கோவன்ஹோவன் ஆகியோர் அங்கே ஒரே மேடையில் ஏறினார்கள். இவற்றை இனித் தனித்தனி உத்திகளாகப் பார்க்கக் கூடாது, இரண்டும் ஒன்றின் பாகங்கள் என்பது அங்கே முடிவாயிற்று. சி.பி.ஆருக்குப் பிறந்தநாள் என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

கற்றுக்கொடுக்க ஒரு பொம்மை வேண்டியிருந்தது. உயிருள்ளவர் நெஞ்சில் அழுத்திப் பழக முடியாதே. நார்வேயின் ஸ்டவாங்கர் ஊரில் ஆஸ்முண்ட் லார்டால் பொம்மைகளும் விளையாட்டுக் கார்களும் செய்துவந்தார். மென்மையான பிளாஸ்டிக்கில் வார்ப்பதில் கைதேர்ந்தவர். தன் சின்ன மகன் நீரில் மூழ்கி மூச்சடைத்துக் கிடந்தபோது தானே தூக்கிக் காப்பாற்றிய தகப்பன் அவர். பியோர்ன் லிண்ட் என்ற மயக்கவியல் மருத்துவர் வந்து கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டார். ஆள் உயரப் பொம்மை, தலையைப் பின்னால் சாய்த்தால்தான் காற்று உள்ளே போகும்படி செய்தது. நெஞ்சுக்குள் ஒரு சுருள்வில் வைத்தால் அழுத்தியும் பழகலாம் என்று சாஃபர் யோசனை சொன்னார்.

முகத்துக்கு லார்டால் எடுத்துக்கொண்டது, உறவினர் வீட்டுச் சுவரில் பார்த்த ஒரு முகமூடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் சீன் நதியிலிருந்து எடுக்கப்பட்ட, பெயர் தெரியாத இளம்பெண்ணின் முகத்தில் வார்த்தது என்பார்கள். மூழ்கி இறந்தவர் முகம் இத்தனை அமைதியாக இருக்காது என்று மறுப்பவர்களும் உண்டு. எப்படியானாலும், பயிற்சிக்கு வந்த கோடிக்கணக்கானவர்கள் ஊதிய முகம், 'ஆன்' என்று பெயர் பெற்ற அந்தப் பொம்மையின் முகம். 1961-லேயே நார்வேயில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை வைத்து ஊதக் கற்றுக்கொடுத்தார்கள்.

பிள்ளைகள் கற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நெஞ்சழுத்தத்தை மருத்துவர்கள் தங்கள் கையை விட்டு வெளியே விடத் தயங்கினார்கள். தெரியாதவர் அழுத்தினால் விலா முறியும், ஈரல் கிழியும் என்றார்கள். 1966-இல் அமெரிக்காவில் வகுத்த நெறிமுறைகள்கூட மருத்துவப் பணியாளர்களுக்கு மட்டுமே பயிற்சி என்றன. பொதுமக்களுக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்று 1974-இல்தான் இறங்கிவந்தார்கள். 'தேவை இரண்டு கைகள்தான்' என்று எழுதிப் பதினான்கு ஆண்டுகள் கழித்து! சியாட்டில் நகரம் அதற்குக் காத்திருக்கவில்லை. லியோனார்ட் காப் என்ற இதய மருத்துவர் தீயணைப்புத் துறையோடு சேர்ந்து 1972-இல் பொதுமக்கள் பயிற்சியைத் தொடங்கினார். முதல் இரண்டு ஆண்டுகளில் ஒரு லட்சம் பேர் கற்றுக்கொண்டார்கள். இதயம் நின்றால் பிழைக்க வாய்ப்பு அதிகமுள்ள ஊர்களில் ஒன்றாக சியாட்டில் இன்றுவரை சொல்லப்படுவதற்கு அந்த ஒரு லட்சம் பேரே அடித்தளம்.

சாஃபரின் வாழ்க்கையில் 1966-இல் பேரிடி விழுந்தது. மகள் எலிசபெத்துக்குக் கடுமையான ஆஸ்துமா. இதயமும் மூச்சும் நின்று, அவற்றை மீட்டார்கள். மூளை மீளவில்லை, குழந்தை போய்விட்டாள். உலகத்துக்கு ஊதக் கற்றுக்கொடுத்தவரின் சொந்தப் பிள்ளைக்கே உதவி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. மருத்துவமனை வாசலில் காத்திருப்பதில் பயனில்லை, உதவி தெருவிலேயே தொடங்க வேண்டும் என்பதில் அவர் இன்னும் உறுதியானார். அப்போது அவர் வேலை செய்துவந்த பிட்ஸ்பர்க் நகரில் நோயாளிகளைக் காவல் வண்டியிலும் சவ வண்டியிலும்தான் ஏற்றிப்போவார்கள். ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற ஏழைக் கறுப்பினப் பகுதியில், வேலையில்லாதவர்கள் என்று ஊர் ஒதுக்கிவைத்த இளைஞர்களைத் திரட்டி நீண்ட பயிற்சி கொடுத்து, 1967-இல் ஃபிரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவையை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் முதல் தேர்ச்சி பெற்ற அவசர மருத்துவப் பணியாளர்களில் அந்த இளைஞர்கள் இருந்தார்கள். 1975-இல் நகர நிர்வாகம் தன் சொந்தச் சேவையைத் தொடங்கி ஃபிரீடம் ஹவுஸை மூடிவிட்டது. வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடம் வெகுகாலம் கிடைக்கவேயில்லை. சாஃபர் 2003-இல் இறக்கும்வரை மூளையைக் காப்பாற்றுவது எப்படி என்பதையே ஆராய்ந்தார்.

அதற்குப் பிறகு முறை மேலும் எளிதாகிக்கொண்டே வந்தது. பெரியவர் ஒருவர் திடீரென இதயம் நின்று விழுந்தால், முதல் சில நிமிடங்களுக்கு அவர் இரத்தத்திலேயே ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது. அதை ஓட வைப்பதுதான் முதல் வேலை. எனவே பயிற்சி இல்லாதவர் ஊதாமல் அழுத்தினாலே போதும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2008-இல் அறிவித்தது. நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் ஊதுவது மிக அவசியம், அங்கே தீர்ந்துபோனதே ஆக்சிஜன்தான். நன்றாக அழுத்தினாலும் இயல்பான ஓட்டத்தில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு இரத்தம்தான் ஓடும். ஆனால் மூளை அந்தக் கால் பங்கில் தாக்குப்பிடிக்கிறது. ஒன்றுமே செய்யாமல் விட்டால் நான்கு முதல் ஆறு நிமிடங்களில் மூளை சிதையத் தொடங்கும். பிழைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஏழு முதல் பத்து சதவீதம் குறையும். எவ்வளவு வேகமான ஆம்புலன்சும் நம் ஊர் நெரிசலில் அந்த நேரத்துக்குள் வருவது அரிது.

செய்ய வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவருக்கு இது கிடையாது, அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தட்டிக் கூப்பிட்டாலும் அசையாதவர், மூச்சு இல்லாதவர் அல்லது மீன் வாய் பிளப்பதுபோல் எப்போதோ ஒரு இழுப்பு இழுப்பவர், இவருக்குத்தான். முதலில் பக்கத்தில் இருப்பவரை 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள், இலங்கையில் 1990. கட்டிலில் கிடந்தால் தரையில் இறக்கி மல்லாக்கப் படுக்கவையுங்கள். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறுகையைக் கோத்து, முழங்கை மடங்காமல், உங்கள் உடம்பின் கனத்தை இறக்கி அழுத்துங்கள். பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழம், ஆறைத் தாண்ட வேண்டாம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். பயிற்சிக்குப் போனவர்கள் முதலில் திகைப்பது ஆழத்தைப் பார்த்துத்தான், இவ்வளவு பலமாகவா என்பார்கள். விலா எலும்பு 'நறுக்'கென்று முறிவதும் உண்டு. நிறுத்த வேண்டாம். முறிந்த விலா சில வாரங்களில் கூடிவிடும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், அப்போது இன்னொருவர் மாற வேண்டும். ஆகவே தெரிந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் போதாது.

இதயம் நிற்பது பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது. அப்பா, அம்மா, கணவன், மனைவி, பக்கத்து வீட்டுத் தாத்தா ஆகியோருக்குத்தான் நாம் இதைச் செய்ய வேண்டிவரும். பல மருத்துவக் கல்லூரிகளும் தொண்டு அமைப்புகளும் இந்தப் பயிற்சியைத் தருகின்றன, அரை நாள்கூட ஆகாது. உங்கள் குடியிருப்புச் சங்கத்தில், பிள்ளைகளின் பள்ளியில், வேலை செய்யும் இடத்தில் ஒரு வகுப்புக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் குறைந்தது இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள்.